நிறுத்தும் இடம்

ஓலைச்சுவடி ஒன்றை அருகில் வைத்துப் படிக்க முயன்று பாருங்கள். எங்கே மூச்சுவிடுவது என்றே தெரியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அதையும் விட்டுவிட்டார்கள். குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. ஓலையில் ‘கொல’ என்று இருந்தால் அது ‘கொல்’ ஆகலாம், ‘கோல்’ ஆகலாம்.

ஆனாலும் அன்று பாடம் நடந்தது. ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல, மாணவன் கேட்டுச் சொன்னான். சீரும் எதுகையும் பிரிக்கும் இடத்தைக் காட்டின. ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். அந்த ‘ஏ’தான் அன்றைய முற்றுப்புள்ளி. நிறுத்தம் காதில் இருந்தது.

பாடம் சொல்பவர் இல்லாமல் ஏடு மட்டும் எஞ்சியபோதுதான் சிரமம் புரிந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பிரித்தறியவே பெரும்பாடு பட்டார்.

தமிழ் அச்சேறியது 16-ஆம் நூற்றாண்டில். 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஊன்றச் செய்தார்கள். குறிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, பெயர்கள் நம்முடையவை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி: படியும் ஆழாக்கும் அளந்த கை, மௌனத்தையும் கால், அரை, முக்கால் என்று அளந்துவிட்டது! காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்திப் படிக்க வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அப்படி ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும்.

இன்று நம் கைப்பேசிச் செய்திகள் மறுபடி ஓலை ஆகிவிட்டன. குறி எதுவும் இல்லை. அல்லது வரிசையாகப் பத்து ஆச்சரியக்குறி. ஊரிலிருந்து இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்: “அம்மாவுக்கு ஆபரேஷன் இல்லை நாளைக்கு வாங்க”.

“ஆபரேஷன் இல்லை. நாளைக்கு வாங்க” என்றால் நிம்மதி, காலையில் பஸ் ஏறலாம். “ஆபரேஷன் இல்லை நாளைக்கு. வாங்க” என்றால் தள்ளிப்போயிருக்கிறது, இப்போதே கிளம்ப வேண்டும். இரண்டுக்கும் சொற்கள் அவையேதான். ஒரு புள்ளி இல்லாததால் வெளியூரில் ஒரு மகன் கையில் போனோடு நெஞ்சு படபடக்க நிற்கிறான்.

அன்று குறி இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒரு குரல் இருந்தது. இன்று படிப்பவர் தனியாக இருக்கிறார். நாம் எங்கே நிறுத்தினோம் என்பதை அவருக்குச் சொல்ல அந்தப் புள்ளியை விட்டால் வேறு ஆள் இல்லை. அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். குரல் நிற்கும் இடத்தில் குறியை வையுங்கள்.