ஒருவழிக் கதவு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்குத் தென்னாட்டுச் செய்தி எதுவாயினும் வீட்டுச் செய்தியே. 2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வந்த செய்தியோ நம்மைத் திடுக்கிடச் செய்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணிப்பொறி ஒன்றினுள் கேடு விளைக்கும் நிரல் புகுந்துவிட்டது என்பதே அது. இந்திய அணுமின் கழகம் அதனை ஒப்புக்கொண்டது. ஆயினும், அப்பொறி இணையத்தோடு தொடர்புடைய நிர்வாக வலையைச் சேர்ந்ததென்றும், முக்கிய உள்வலையினின்று அவ்வலை பிரிக்கப்பட்டதென்றும் விளக்கிற்று.

இத்தகைய பிரிவினை எங்ஙனம் காக்கப்படுகிறது?

இரு வலைகளையும் அறவே துண்டித்துவிடலாம். ஆனால், மின் நிலையம் ஒன்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் வெளியிலுள்ள பொறியாளரும் அறிய வேண்டுமாயின், செய்தி வெளிவந்தே ஆக வேண்டும். உள்ளே மட்டும் எதுவும் செல்லலாகாது. இதற்கென அமைந்ததே ‘டேட்டா டயோடு’ எனும் ஒருவழிக் கதவு. கண்ணாடி இழை ஒன்றின் ஒரு முனையில் ஒளியுமிழும் கருவி மட்டுமே உண்டு. மறு முனையில் ஒளியுணரும் கருவி மட்டுமே உண்டு. கோயில் உண்டியலில் இட்ட காசு இட்ட வழியே மீளாததுபோல, இவ்விழையில் சென்ற செய்திக்குத் திரும்பும் வழியில்லை. நிரலால் அமைந்த தடையை வேறொரு நிரல் ஏய்க்கலாம். இல்லாத விளக்கை எந்நிரலும் ஏற்ற இயலாது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கணினிகள் பேசிக்கொள்ளும்போது ‘வந்து சேர்ந்தது’ என்னும் மறுமொழியைப் பெரும்பாலும் எதிர்பார்க்கும். இங்கு அது வாராது. ஆதலின், பிழை திருத்தும் குறிப்புகளைச் சேர்த்தும், ஒரே செய்தியைப் பன்முறை அனுப்பியும் இழப்பை ஈடு செய்கின்றனர்.

இராணுவ இரகசியத்துக்குத் திசை நேர்மாறானது: செய்தி உள்ளே செல்லலாம், வெளியேறலாகாது. மேல்நிலை இரகசியத்தைக் கீழ்நிலையினர் படிக்கலாகாது. மேல்நிலையினின்று கீழ்நிலைக்கு எழுதவும் ஆகாது. இவ்விதியைப் பெல், லபதுலா எனும் இருவர் 1973இல் கணித முறையில் வகுத்தனர். வெளியிட்டே தீர வேண்டிய செய்தியைக் காவற்கருவி சொல் சொல்லாகச் சோதிக்கும். சில இடங்களில் அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும்.

எனினும், கதவு காப்பது தன் வழியை மட்டுமே. 2010இல் வெளிப்பட்டதும், ஈரானின் நதான்ஸ் யுரேனிய நிலையத்தைத் தாக்கியதுமான ‘ஸ்டக்ஸ்நெட்’ நிரல், இணையத் தொடர்பற்ற கணினிகளையும் பென் டிரைவ் வாயிலாக எட்ட வல்லதாய் இருந்தது. ஆதலின், இத்தகைய நிலையங்களில் பணிபுரியும் நம்மவர் சட்டைப்பையிற் கொண்டு செல்லும் சிறு கருவியும் காவலுக்கு உட்பட்டதே. கதவை ஒளி காக்கும். சட்டைப்பையை நாமே காத்தல் வேண்டும்.