கோச் வேலையும் ஒரு வேலையா?



எங்கள் புத்தூரைத் தெரியாதவர்கள் குறைவு. சென்னையில் பல தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை தொங்குகிறதே, அந்தப் புத்தூர்தான். ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் ரயில் பாதையில் இருக்கும் ஊர். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றபின் இங்கேதான் குடியிருக்கிறேன். எலும்பு முறிந்தவர்கள் வண்டியிலிருந்து இறங்கி வருவதைத் தினமும் பார்க்கலாம். அவர்களில் விளையாட்டில் அடிபட்ட பிள்ளைகளும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையைத் தோளில் தாங்கி அழைத்து வருபவர் பல நேரம் அப்பாவாக இருக்கமாட்டார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக இருப்பார்.

இதை இப்போது எழுதக் காரணம், சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்து என் மகள் செய்த போன்.

“அப்பா, உங்க பேத்தி காலேஜ்ல லக்ராஸ் கோச் ஆகணும்னு சொல்றா. மாப்பிள்ளைக்கு ஒரே கோபம். நீங்க சொன்னா கேட்பா.”

லக்ராஸ் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பேத்திதான் பொறுமையாக விளக்கினாள். நீண்ட கழியின் நுனியில் சிறு வலை. அதில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, வீசி, பிடித்து, எதிரணியின் கோலில் போட வேண்டும். வட அமெரிக்காவின் ஆதிகுடிகள் ஆடிய ஆட்டம். 1904, 1908 ஒலிம்பிக்கில் இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள்.

அங்கே கல்லூரி கோச் என்பது சம்பளமுள்ள முழுநேர உத்தியோகம். 1972இல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டும் என்றது. அதன்பின் பெண்கள் அணிகள் பெருகின. பேத்தி எனக்குச் சொன்ன பெயர் சிண்டி டிம்சல். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பெண்கள் லக்ராஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து எட்டு முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வாங்கித் தந்தவர். அதில் 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள். பிறகு அனாபொலிஸ் கடற்படை அகாடமிக்குப் போய், அங்கே பெண்கள் அணியைப் புதிதாக உருவாக்கினார்.

1995 என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பய்யோளி மணலில்

அமெரிக்க கோச்சைப் பற்றிப் பேத்தி சொன்னாள். நம் ஊர்ப் பக்கத்து கோச் ஒருவரைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னேன். அவர் ஓ.எம். நம்பியார்.

கேரளத்தில் வடகரை அருகே மணியூர்க்காரர். விமானப்படையில் பணியாற்றியவர், ஓட்ட வீரர். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தார். (என்னைப் போல அவரும் டிப்ளமோக்காரர்!) பிறகு கேரள விளையாட்டுக் கவுன்சிலில் சேர்ந்தார். 1976இல் கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்காக விளையாட்டுப் பிரிவு ஒன்றை அரசு தொடங்கியபோது, அங்கே தடகளப் பயிற்சி அவர் பொறுப்பில் வந்தது. அந்த ஆண்டுதான் பி.டி. உஷா என்ற ஒல்லியான பெண் அவர் கண்ணில் பட்டாள். வயது பன்னிரண்டு. அவளது மெலிந்த உடல்வாகையும் வேகமான நடையையும் பார்த்தே அவர் கணித்துவிட்டார்.

அந்த நாளில் அவர்களுக்கு வசதியான ஓடுதளம் கிடையாது. பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடவைத்தார். ‘பய்யோளி எக்ஸ்பிரஸ்’ என்ற பெயர் பின்னால் வந்தது. பய்யோளி எங்கள் ரயில்வேயின் ஸ்டேஷன்களில் ஒன்று, உஷாவும் பின்னாளில் தெற்கு ரயில்வே ஊழியர். ஆகவே எங்கள் ஆபீஸ்களில் அந்தப் பெயரைச் சொந்தப் பெயர் போலச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

1980இல் பதினாறு வயதில் உஷா மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. உஷாவை நாடே கொண்டாடியது. நம்பியார் அதோடு திருப்தி அடையவில்லை. உலக அளவில் பதக்கம் வேண்டுமானால் 400 மீட்டர் தடை ஓட்டம்தான் வழி என்று கணக்குப் போட்டார்.

இந்தக் கணக்கு எங்களைப் போன்ற தண்டவாளக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். பத்துத் தடைகள். முதல் தடைக்கு 45 மீட்டர், அடுத்தடுத்த தடைகளுக்கு நடுவே 35 மீட்டர், கடைசியாக 40 மீட்டர். நாங்கள் ஸ்லீப்பர் இடைவெளியை அளந்து வைப்பது போல, ஒவ்வொரு 35 மீட்டருக்கும் எத்தனை அடி என்று எண்ணி ஓட வேண்டும். ஓர் அடி பிசகினால் தாளம் கெடும், நேரம் போகும்.

ஏழு சென்டிமீட்டர்

1984 ஆகஸ்டு, லாஸ் ஏஞ்சலஸ். இறுதி ஓட்டத்தில் உஷா நன்றாகக் கிளம்பினார். ஆனால் வேறொருவர் முந்திக் கிளம்பிவிட்டதால் எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டாம் முறை அந்த வேகம் கிளப்பத்தில் இல்லை. முடிவு உங்களுக்குத் தெரியும். ருமேனியப் பெண் 55.41 வினாடி, உஷா 55.42 வினாடி. நூறில் ஒரு வினாடியில் வெண்கலம் போயிற்று.

நான் அதைத் தூரமாக மாற்றிப் பார்த்தேன். 400 மீட்டரை 55.42 வினாடியில் ஓடினால், நூறில் ஒரு வினாடிக்குச் சுமார் ஏழு சென்டிமீட்டர். வண்டிச் சக்கரம் உருளும் தண்டவாளத்தின் மேல்பகுதி ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான்.

இன்னொரு செய்தியையும் பேத்திக்குச் சொன்னேன். அன்று தங்கம் வென்ற மொராக்கோவின் நவால் எல் முட்டவாக்கல், அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஓடியவர். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரியின் மைதானமும் கோச்சும் இருந்தார்கள். உஷாவுக்குப் பின்னால் கடற்கரை மணலும் நம்பியாரும் இருந்தார்கள். இருவருக்கும் இடைவெளி ஒரு வினாடிக்கும் குறைவு!

தோற்ற மறுநாள் கோச் என்ன செய்ய வேண்டும்? மறுபடியும் விசிலை எடுக்க வேண்டும். நம்பியார் அதைத்தான் செய்தார். 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷாவுக்கு ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியா மொத்தமாக வென்ற தங்கமே ஐந்துதான் என்பது குறிப்பிடத்தக்கது.

துரோணாச்சாரியா விருது 1985இல் ஏற்படுத்தப்பட்டபோது முதல் வரிசையிலேயே நம்பியார் அதைப் பெற்றார். பத்மஸ்ரீ மட்டும் தாமதம். உஷாவுக்கு 1985இல் வந்த பத்மஸ்ரீ, நம்பியாருக்கு 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. முப்பத்தாறு ஆண்டு இடைவெளி. அதே ஆண்டு ஆகஸ்டு 19ஆம் தேதி அவர் காலமானார்.

அவர் தந்தது உஷாவோடு முடியவில்லை. 2002இல் உஷா தாமே பெண்களுக்காகத் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூகா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். நம்பியாரிடம் கற்ற பெண், இன்னொரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததன் பலன் அது.

என் வீட்டு வாசலில் ஒரு டீச்சர்

இப்போது 1995க்கு வருகிறேன். அப்போது என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் ஓட்டத்தில் முதல். ஒரு சாயங்காலம் அவளுடைய பி.டி. டீச்சர் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். “சார், உங்க பொண்ணுக்கு நல்ல கால் இருக்கு. விளையாட்டு ஹாஸ்டலுக்கு அனுப்புங்க, நான் பொறுப்பு” என்றார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “ஓடிட்டிருந்தா சோறு யார் போடுவாங்க? அவ என்ஜினீயருக்குப் படிக்கணும்” என்று வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மறுநாள் முதல் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. படித்தாள், என்ஜினீயர் ஆனாள், நன்றாக இருக்கிறாள். அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

சியோலில் உஷா ஓடியபோது கைதட்டிய அதே ஆள்தான் நான். அடுத்த வீட்டுப் பெண் ஓடினால் பெருமை, நம் வீட்டுப் பெண் ஓடினால் கவலை.

நம்பியார் கதையை முடித்துவிட்டுப் பேத்தியிடம் மூன்றே விஷயம் சொன்னேன். முதலில் பட்டப்படிப்பை முடி. அங்கே கல்லூரி கோச் வேலைக்குப் பட்டம் பெற்றவர்களையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். இரண்டாவது, இப்போதே உன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார். பிறர் ஜெயிக்கும்போது உனக்குச் சந்தோஷம் வருகிறதா என்று தெரியும். மூன்றாவது, பரிசு மேடையில் உன் பெயரைக் கூப்பிடமாட்டார்கள். அது பரவாயில்லை என்றால் இந்த வேலைக்குப் போ.

“சரி தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

மகள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, “அன்னைக்கு அந்த டீச்சர் வந்தப்பவும் இப்படி யோசிச்சிருக்கலாமே அப்பா” என்றாள். என்னிடம் பதில் இல்லை. “மாப்பிள்ளையிடம் நான் பேசறேம்மா” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பேசினேன். “அவள் படிப்பை முடிக்கட்டும், பிறகு பார்ப்போம் மாமா” என்றார். அதுவே பெரிய விஷயம்.

ஊர்விட்டு ஊர் வந்து பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்களுக்கு டாக்டர், என்ஜினீயர் தவிர மற்றதெல்லாம் பயம்தான். அந்தப் பயம் நியாயமானது, நானும் பட்டவன். ஆனாலும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளையின் கோச் என்றைக்காவது வீட்டு வாசலுக்கு வந்தால், முதலில் உள்ளே அழைத்து உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, அதன்பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.