தாழ்ந்து மீளும் பாடம்

வானில் ஏறிக்கொண்டிருக்கும் சிறு விமானம் திடீரெனக் கவிழ்ந்து சரிகிறது. எஞ்சினோ முழு வேகத்தில் முழங்குகிறது. விமானியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? விமானத்தின் மூக்கை மேலே தூக்கவே உங்கள் கை துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் ஆபத்து.

இந்நிலையை விமானிகள் ‘ஸ்டால்’ என்பர். எஞ்சின் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. காற்று இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும்வரை இறக்கை விமானத்தை நன்கு தாங்கும். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையேயுள்ள கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், காற்று பிரிந்து சிதறுகிறது; தாங்கும் விசை குன்றுகிறது.

தரையைவிட்டு எழுந்தவுடன் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்துவோருக்கு இது நேரலாம். அங்கே மீள்வதற்கு உயரம் இராது. ஆகவே செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில், ஆசிரியர் அருகிலிருக்க, போதிய உயரத்தில் இதை வேண்டுமென்றே நிகழ்த்திப் பழகுகின்றனர். அமெரிக்காவின் விமானி உரிமத் தேர்வில், ஒற்றை எஞ்சின் விமானம் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்குமுன் மீண்டுவிட வேண்டும்.

மாணவர் முதலில் சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்பதை உறுதி செய்கிறார். வேகத்தைக் குறைத்து, பின் எஞ்சினின் விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்துகிறார். அடிவானம் மறைகிறது, எச்சரிக்கை ஒலி எழுகிறது, விமானம் நடுங்கி மூக்குக் கவிழ்கிறது. முகப்பு விசிறியின் சுழற்சியால் மூக்கு இடப்புறம் திரும்ப முயலும். அரபு மொழி தந்த சொல்லாகிய சுக்கானை வலக்காலால் அழுத்தி நேர்ப்படுத்த வேண்டும். தவறினால் ஓர் இறக்கை தாழ்ந்து, விமானம் சுழன்று வீழவும் கூடும்.

மீளும் வழி எளியது. மனமோ அதற்கு எளிதில் இணங்காது. கைப்பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். காற்று மீண்டும் இறக்கையைத் தழுவியதும், இறக்கைகளைச் சமப்படுத்தி முழு விசையுடன் மெல்ல ஏறலாம்.

2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்றுகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தும் மூக்கு உயர்த்தப்பட்டே இருந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. பெரிய விமானத்திற்கும் பாடம் ஒன்றே.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. விமானிக்கு அந்தக் கயிறு பயிற்சியே. உங்கள் மகனோ மகளோ விமானியாக விரும்பினால் துஆவோடு அனுப்பி வையுங்கள். இப்பாடத்திற்கு அஞ்சி ஒதுங்காமல், கை தானே பழகும்வரை பயிலச் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக!