மணிக்கட்டில் ஊதாப் பருக்கள்: தோலுக்குள் நடப்பது என்ன தெரியுமா?

ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பருக்கள். தலை தட்டை, ஓரம் கோணல்மாணல், வெளிச்சத்தில் மினுமினுப்பு. மணிக்கட்டின் உட்பக்கம், கணுக்கால், இடுப்பு என்று இடம் பார்த்துக் கிளம்பும். அரிப்போ உயிரை எடுத்துவிடும்! படை என்று பலரும் நினைக்கும் இந்தத் தொல்லைக்கு லைக்கன் பிளேனஸ் என்று பெயர்.

இதற்கு 1869-ல் அந்தப் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? லண்டன் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன். எகிப்திலிருந்து 'கிளியோபாட்ராவின் ஊசி' என்ற பிரம்மாண்டக் கல்தூணை இரும்பு உருளைக்குள் அடைத்துக் கடல்வழியே லண்டனுக்கு இழுத்துவர, சுமார் 10,000 பவுண்டு அள்ளிக் கொடுத்தவரும் இவரேதான்! 1878-ல் தேம்ஸ் கரையில் நிறுத்தப்பட்ட அந்தத் தூண் இன்றும் அங்கேயே நிற்கிறது.

பருவின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸில் பார்த்தால் என்ன தெரியும் தெரியுமா? இழைக்கோலம் போட்டதுபோல மெல்லிய வெள்ளைக் கோடுகள்! தோலின் ஓர் அடுக்கு அங்கங்கே தடித்துப்போவதால் வருபவை இவை. பிரெஞ்சு மருத்துவர் விக்காம் 1895-ல் விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. அனுபவமுள்ள தோல் டாக்டர் இந்தக் கோடுகளைப் பார்த்ததுமே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி.

இன்னொரு விந்தை! நகத்தால் கீறினால், கீறிய கோட்டிலேயே வரிசையாகப் புதுப் பருக்கள் முளைக்கும்.

கிருமியா காரணம்? இல்லவே இல்லை! நம்மைக் காக்க வேண்டிய டி செல்கள், மேல்தோலின் அடிவரிசைச் செல்களையே தாக்குகின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்த வரிசையில்தான் இருக்கிறது. செல்கள் சிதையும்போது மெலனின் கீழே கொட்டி, உள்தோலில் சிக்கிக்கொள்கிறது. பரு அமுங்கிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் போகாமல் நிற்பதன் ரகசியம் இதுதான். மாநிறத்தாருக்கும் கறுத்த நிறத்தாருக்கும் இது கூடுதலாகத் தெரியும். அரிப்பைவிட இந்தத் தழும்புதான் பலரையும் வாட்டுகிறது. முகத்திலும் கழுத்திலும் கருமையாகவே படரும் ஒரு வகையை 1974-ல் பெயரிட்டு விவரித்தது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் பூட்டானியின் குழு. நம் நாட்டுத் தோலைப் பார்த்துப் பார்த்துக் கண்டறிந்தது!

கலர் ஃபிலிம் கழுவும் டெவலப்பர் ரசாயனம் பட்டு, ஏறக்குறைய இதே பருக்கள் ஸ்டூடியோ ஊழியர்களுக்கு வந்ததுண்டு, தெரியுமா? சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மலேரியா மாத்திரைகளும்கூட இதே வேடத்தில் பருக்களைக் கிளப்பும். பல்லில் அடைத்த பாதரசக் கலவைக்குப் பக்கத்துக் கன்னத்தின் உட்புறத்தில் மட்டும் புண் வந்து, அடைப்பை மாற்றியதும் ஆறியவர்கள் உண்டு. சில நாடுகளில் ஹெபடைடிஸ் சி-யோடு இந்நோய்க்குத் தொடர்பு தெரிந்திருப்பதால், அதற்கான ரத்தப் பரிசோதனையையும் டாக்டர் கேட்கலாம்.

தோலில் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாய்க்குள்ளும் வரும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை வலைப்பின்னல். அது வெறும் கோடாக இருக்கும்வரை வலியில்லை. புண்ணாகிவிட்டால் மிளகு ரசம்கூட நெருப்பாக எரியும். தோலில் வந்தது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கும். வாயில் வந்ததோ பல ஆண்டுகள் தங்கும், நூற்றில் ஒருவருக்குப் புற்றாக மாறக்கூடும். எனவே புகையிலையை இன்றே விடுங்கள், வாயை ஒழுங்காகக் காட்டிவாருங்கள்.

சிகிச்சை? வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, அரிப்புக்கு மாத்திரை. உடம்பெங்கும் பரவினால் புற ஊதா ஒளி சிகிச்சை அல்லது உள்ளுக்கு மருந்து. வாய்ப் புண்ணுக்கு டாக்ரோலிமஸ் களிம்பும் தருவார்கள். தலையிலோ நகத்திலோ வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே தழும்பு விழுந்துவிட்டால் முடியும் நகமும் திரும்ப முளைக்காது.

இது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. வந்தவரை ஒதுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு 'படை கிரீம்' வாங்கிப் பூசாமல், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள்.