காற்று மெலிந்த ஊரில் இரட்டை டர்போ

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் பலருக்குத் தாங்கள் ஏறிக்கொண்டே போகிறோம் என்பது தெரிவதில்லை. ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சாலை அகலமாக நீண்டுகொண்டே போகும். பெங்களூரை எட்டும்போது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு வந்திருப்போம். நமக்கு மூச்சு வாங்காது. காரின் எஞ்சினுக்கு வாங்கும்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், எஞ்சினின் இழுவையும் குறையும். ஊரின் குளிர்ச்சி இதைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுவதுமாக அல்ல.

எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது தெரியுமா? 3.8 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 தடவை சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது முழு மூச்சு இழுக்கும். 3.8ஐ 3,000ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 190 லிட்டர்!

இன்னும் அதிகமாகக் காற்றை உள்ளே திணிக்க வழி உண்டா என்று யோசித்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூடான புகையையே வேலை வாங்கலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். திருவிழாவில் வாங்கும் காகிதக் காற்றாடியை ஊதினால் சுற்றுவதுபோல, புகை பாய்ந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரமும் கூடவே சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது.

இது உயரத்தில் வேலை செய்யுமா? அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு, 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே போய்விட்டார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவை மாட்டியதும் 356! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சந்தேகத்துக்கு அவர் கொஞ்சமும் இடம் வைக்கவில்லை.

டர்போ பூட்டிய பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பெங்களூரிலும் ஒரு பெருமைமிக்க கதை உண்டு. 1940இல் அங்கே தொடங்கப்பட்ட விமானத் தொழிற்சாலைதான் எச்.ஏ.எல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டிஷ் படை கான்பூரில் விட்டுப் போனது. ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின்கள், எஞ்சினுக்கு ஒரு டர்போ. வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்திவிட்டே போனார்கள். எச்.ஏ.எல். ஆட்கள் அங்கே போய், பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். முழுதாகப் பழுது பார்க்கப்பட்ட சுமார் நாற்பது விமானங்கள் 1948இன் கடைசியிலிருந்து நம் விமானப் படைக்குப் போயின. 1968 வரை பறந்தன! அவற்றில் ஒன்றைத் தில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். கைவிடப்பட்ட இயந்திரம் இருபது ஆண்டு உழைத்ததென்றால், அதைப் பராமரித்த கைகளுக்குத்தான் முதல் பாராட்டு.

இப்போது காருக்கு வருவோம். ஒரு டர்போ போதாதா, இரண்டு எதற்கு? பெரிய சக்கரம் கனமானது. ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு அது வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்களை வைத்தால் சட்டென்று சுழலும். வி6 எஞ்சினில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை சிலிண்டர்கள் உண்டு. வரிசைக்கு ஒரு டர்போ என்றால் புகை போக வேண்டிய தூரமும் குறைந்துவிடும்.

“டர்போ வண்டியா? செலவு வைக்கும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் தடவைக்கு மேலும் சுற்றும். நொடிக்கு 2,500 சுற்று. சக்கரம் 5 சென்டிமீட்டர் அகலம்தான் என்றாலும் அதன் விளிம்பு நொடிக்கு 390 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியைவிட வேகம்! புகைப் பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இவ்வளவையும் தாங்குவது பேரிங்கில் இருக்கும் எண்ணெய்ப் படலம், தலைமுடியைவிட மெல்லியது. தண்டு உலோகத்தைத் தொடாமல் அந்த எண்ணெயில் மிதந்துகொண்டே சுழல்கிறது.

வேகமாக ஓட்டி வந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சூடு நிற்காது. பேரிங்கில் தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகிவிடும். அடுத்த முறை அந்தக் கரி தண்டை அராவும். இத்தாலியின் மசெராட்டி 1981இல் கொண்டுவந்த பைடர்போதான் இரட்டை டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார். தொடக்கத்தில் அதன் டர்போக்களைக் குளிர்வித்தது எண்ணெய் மட்டுமே. அடிக்கடி பழுதாகும் கார் என்ற பெயரும் அதற்கு வந்தது. இன்றைய டர்போக்கள் பலவற்றில் பேரிங்கைச் சுற்றித் தண்ணீரும் ஓடுகிறது.

நிசான் ஜிடி-ஆர் என்ற காரைப் பாருங்கள். 3.8 லிட்டர் வி6, இரட்டை டர்போ. 2016இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. 2025இல் அதன் உற்பத்தி நிற்கும்வரை, ஜப்பானின் யோகோஹாமாவில் ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே கைவினைஞர் முழுக்கப் பூட்டி, தம் பெயர்த் தகட்டைப் பதித்தார். சிலிண்டருக்குள் கனமான இரும்புக் குழல் கிடையாது. உருக்கித் தெளித்த மெல்லிய இரும்புப் பூச்சு மட்டுமே. சூடு சீக்கிரம் தண்ணீருக்குப் போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு.

மெலிந்த காற்றிலும் சென்னையில் தரும் அதே அழுத்தத்தைத் தர, பெங்களூரில் டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அழுத்தினால் காற்றும் சூடாகும். அதை ஆற்றவே காரின் முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. ஓட்டத்தில் வீசும் காற்றால்தான் அது வேலை செய்யும். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி ஊர்ந்தால் காற்று எங்கிருந்து வரும்? சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை அடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். அந்த அதிர்வை ஒரு சென்சார் உணர்ந்ததும், எஞ்சினின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, வலுவைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றுகிறது. இன்னும் வேகம் வேண்டுமென்று அந்தக் கணினியின் கணக்கையே மாற்றி அழுத்தத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. நல்ல எஞ்சின்கள் பல பாழாவது இதனால்தான்.

டர்போ பந்தயக்காரர்களின் சொத்து மட்டுமல்ல. இரட்டை டர்போவின் தம்பியான ஒற்றை டர்போ இப்போது ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள சின்னக் கார்களிலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் காரிலும் இருந்தால் ஓட்டுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன ரக எண்ணெயைச் சொன்ன நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டி வந்த நாளில், வீடு வந்து சேரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள்.