படியேறாமல் விமானம் ஏறிய அக்கா

ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. மகனுக்கு இங்கே உத்தியோகம். பேரப்பிள்ளைகளை விட்டிருக்க மனமில்லை. ஓய்வு பெற்றதும் அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகள் இரும்போடு பழகிய கண் சும்மா இருப்பதில்லை.

2019இல் அக்காவுக்கு இடுப்பு வலி அதிகமாகி, நம்மில் பலரைப் போலச் சென்னை மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். நல்ல மழை. நாற்காலியோடு நால்வர் தூக்கி விமானப் படியில் ஏற்றினார்கள். பாதிப் படியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய, அக்கா முன்னால் இருந்தவரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். தூக்கியவர்கள் மேல் குறையில்லை. ஈரப்படியில் மனிதரைச் சுமப்பது மனிதர் செய்யக்கூடிய வேலையல்ல.

2022இல் மறுபடி போனபோது ஒரு லாரி வந்து நின்றது. அதன் முதுகிலிருந்த அறைக்குள் சக்கர நாற்காலியோடு அக்காவை ஏற்றினார்கள். அறை அப்படியே மேலெழுந்து விமானக் கதவோடு பொருந்தியது. இதன் பெயர் ஆம்புலிஃப்ட். விமான நிலைய ஆணையம் 2021இல் இதை வைத்திருப்பதாக அறிவித்த 14 ஊர்களில் நம் போர்ட் பிளேரும் ஒன்று. (2024 செப்டம்பரில்தான் நம் ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.) ஒரே நேரத்தில் 6 சக்கர நாற்காலிகளும் 2 ஸ்ட்ரெச்சர்களும் உதவியாளர் ஒருவரும் போகலாம்.

அக்கா மேலே போக, நான் கீழே குனிந்து அறையின் அடியைப் பார்த்தேன். பெருக்கல் குறி போல இரண்டு ஜோடி இரும்புக் கால்கள். சிசர் லிஃப்ட் என்பது இதுதான். கடைவாசலில் இழுத்து மூடும் கொலாப்சிபிள் கேட்டை நிமிர்த்தி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கால்களின் அடிமுனைகளை நெருக்கினால் மேல்தட்டு உயரும். நெருக்குவது ஹைட்ராலிக் சிலிண்டர்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு உண்டு. கால்கள் படுத்திருக்கும்போதுதான் அதிக பலம் வேண்டும். 1 டன் சுமையை, கால்கள் தரையோடு 10 டிகிரி சாய்ந்திருக்கையில், அடியிலிருந்து கிடைமட்டமாகத் தள்ளித் தூக்க ஏறக்குறைய 5.7 டன் விசை வேண்டும். 45 டிகிரிக்கு வந்துவிட்டால் 1 டன் போதும். ‘கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் என்ன, கிளம்பிவிட்டால் போய்விடும்’ என்பவர்கள், கிளம்பும் அந்த நொடியில் பின்களும் புஷ்களும் படும் பாட்டை அறியாதவர்கள்.

இதே இயந்திரத்தைச் சக்கரமில்லாமல் தரையில் பொருத்தினால் லிஃப்ட் டேபிள். கிடங்குகளில் மூட்டையை லாரி மட்டத்துக்கு உயர்த்த, பணிமனையில் கனமான பாகத்தை இடுப்பளவுக்குக் கொண்டுவர உதவுவது. பார்க்கச் சாதுவாக இருக்கும். எனக்கு இதன் மேல்தான் பயம் அதிகம்.

நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில் உயர்த்தி நிறுத்திய லிஃப்ட் டேபிளின் அடியில் கலாசி ஒருவர் கையை நீட்டி கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை பக்கத்திலேயே கிடந்தது. ‘இரண்டு நிமிஷ வேலைதானே’ என்று மாட்டவில்லை. மறுபுறம் இருந்தவர் விஷயம் தெரியாமல் வால்வைத் திறந்துவிட்டார். மேசை சத்தமே இல்லாமல் இறங்கியது. இரண்டு விரல்கள் போயின. அன்றைக்கு மேற்பார்வை என்னுடையது. கட்டை கிடந்ததை நானும் பார்த்தேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் ஓய்வு பெறும்வரை, முட்டு மாட்டாமல் ஒருவரையும் அடியில் குனியவிட்டதில்லை. வையப் பெயரெடுத்தேன், பரவாயில்லை.

நம் தீவுகளில் இன்னொரு சங்கடம் உப்புக்காற்று. ஹோஸின் ரப்பருக்குள் இருக்கும் கம்பி வலை வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். குழாய் எங்கேயாவது உப்பியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். ஹோஸ் வெடித்தாலும் மேசை விழாதிருக்க, சிலிண்டரின் வாயிலேயே ஒரு பாதுகாப்பு வால்வ் உண்டு. எண்ணெய் மிதமிஞ்சிய வேகத்தில் வெளியேறினால் தானே அடைத்துக்கொள்ளும். உதிரிபாகம் சென்னையிலிருந்து கப்பலில் வரக் காத்திருக்க முடியாமல் இந்த வால்வைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிரேக் இல்லாமல் ரயில் விடுவது போல. 1948 தொழிற்சாலைச் சட்டம் தூக்கு இயந்திரங்களை ஆண்டுக்கொரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. எந்தச் சட்டமானாலும் சோதித்த தேதியைக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

கடைசியாகக் காற்று. கட்டட வேலையில் ஆள் ஏறி நிற்கும் உயரமான சிசர் லிஃப்டுகளில், வெளியிடத்தில் பயன்படுத்தத் தக்கவற்றுக்கு வழக்கமான காற்று வரம்பு மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளே மட்டும் ஓட்ட வேண்டியவற்றுக்கு அதுவும் கிடையாது. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் 2010 அக்டோபர் 27 அன்று, கால்பந்துப் பயிற்சியைப் படமெடுக்க சுமார் 40 அடி உயரத்தில் நின்ற 20 வயது மாணவர், லிஃப்டோடு சாய்ந்து இறந்துபோனார். அப்போது வீசிய காற்று மணிக்கு 85 கிலோமீட்டர். வேகம் இருமடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 45 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பலகையை சுமார் 10 கிலோ தள்ளும். 85இல் 34 கிலோ. மேலே நின்று பேனர் கட்டுகிறவர் கையில் பிடித்திருப்பது பாய்மரம்தான்.

2013 நவம்பர் 25இல் லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகே கரையைக் கடந்ததை இங்குள்ள பழையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் பெயர் வைத்த புயல்தான் வேண்டும் என்பதில்லை. ஜூன் மாத மழைக்காற்றே போதும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் மீனவர் கடலுக்குப் போகமாட்டார். அன்றைக்கு நம் பிள்ளைகளும் அதில் ஏறக்கூடாது. ‘இன்றே முடித்தாக வேண்டும்’ என்று மேஸ்திரி சொன்னாலும் சரி. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இதே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் எழுதிச் சொல்லுங்கள்.

அந்த 2022 பயணத்தில் ஆம்புலிஃப்ட் ஓட்டுநரிடம், “தம்பி, பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டால்?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் இருந்த கைப்பம்பைக் காட்டினார். “இறக்கிடலாம் சார், மெதுவா.” அறையை உயர்த்துமுன் நான்கு தாங்குகால்களும் தரையில் ஊன்றியிருப்பதை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்ததையும் கவனித்திருந்தேன். நிம்மதியாகப் படியேறினேன்.

அக்காவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது கைத்தடியோடு தானே படியிறங்கினார். கீழே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஏண்டா, அந்த வண்டி இன்னைக்கு வரலையா?” என்று கேட்டார்.