புலிக்கோலம்

காவிரி கடலொடு கலக்கும் கீழைத் தஞ்சை நாடு நெல்லுக்குப் பெயர் பெற்றது. வேளாங்கண்ணிக் கடற்கரையை விட்டு மேற்கே செல்வார்க்கு வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் மாறி மாறித் தோன்றுமேயன்றி, மலையும் பெருங்காடும் தோன்றா. தெற்கே கோடியக்கரையில் ஒரு காடு உண்டு. 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அக்காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். அங்கும் புலி இல்லை. எனினும் இந்நாட்டு மக்களுக்குப் புலி புதிய விலங்கன்று. தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழ வேந்தரின் கொடியில் அது பொறிக்கப்பெற்றது. அவர்தம் காசுகளிலும் செப்பேட்டு இலச்சினைகளிலும் அது வீற்றிருந்தது. திருவிழாக் காலத்திலோ, அது தெருவில் இறங்கி ஆடவும் செய்தது. மனிதன் உடலில் எழுதப்பெற்ற அந்தப் புலி ஓவியத்தின் இயல்பை இப்பாடத்தில் காண்போம்.

வேங்கை என்னும் சொல் தமிழில் புலியையும் குறிக்கும். மஞ்சள் நிறப் பூப் பூக்கும் ஒரு மரத்தையும் குறிக்கும். கரிய பாறையின் மீது வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் தோற்றத்தைப் புலிக்கு ஒப்பிடுவது சங்கப் புலவரின் வழக்கு. கருமையும் மஞ்சளும் உரிய முறையில் கலந்தால், அங்கே உயிருள்ள புலி இல்லாவிடினும் காண்பார் நெஞ்சில் புலி எழுந்து நிற்கும் என்பதை அப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பாறையையும் பூவையும் கொண்டு இயற்கை விளையாட்டாகச் செய்த அதே செயலை, உடலையும் வண்ணத்தையும் கொண்டு புலிக்கோலம் எழுதும் கலைஞன் செய்கின்றான்.

புலியாட்டம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கோயில் திருவிழாக்களின்போதும் மொகரம் நாள்களிலும் நடைபெற்று வந்த ஆட்டமாகும். ஆடுவோன் முதலில் உடல் மயிரை மழித்துக்கொள்வான். மயிர் இருப்பின் வண்ணம் சீராகப் படியாது. பின்னர் உடல் முழுவதும் மஞ்சள் வண்ணம் பூசப்படும். மார்பும் வயிறும் போன்ற இடங்களில் வெண்மை தீட்டுவதும் உண்டு. அடிவண்ணம் காய்ந்த பின்னரே கருவரிகள் எழுதப்படும். ஈரத்தின் மீது எழுதினால் கருமை மஞ்சளில் கசிந்து, வரி சிதைந்துவிடும். ஆதலின் இவ்வேலையில் கைத்திறனோடு பொறுமையும் வேண்டும்.

வண்ணத்தோடு இந்த ஓவியம் முடிவதில்லை. காதுகள், பற்கள், நகங்கள், துணியால் செய்த நீண்ட வால், முகத்திற்கோ தலைக்கோ உரிய மூடி ஆகியவையும் சேர்ந்தால்தான் கோலம் நிறைவெய்தும். பலகையில் துணியை ஒட்டிச் சுண்ணக் கலவையும் பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்யப்படும் தஞ்சாவூர் ஓவியத்தைப் போலவே, இதுவும் பல பொருள்கள் கூடி அமைந்த ஓவியமே. வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே பலகை அசையாது. இங்கே பலகையே மூச்சு விடும், குனியும், பாயும்.

அதனால் புலி எழுதுவோன் தன் கண்முன் நிற்கும் உடலை மட்டும் நோக்கினால் போதாது. ஆடும்போது அவ்வுடல் எவ்வாறு வளையும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். விலாவில் எழுதிய வரி, ஆடுவோன் மூச்சை இழுக்கும்போது விரியும். முதுகில் எழுதிய வரி, அவன் பதுங்கும்போது நீளும். பறையும் தாரையும் முழங்க, அவன் பதுங்கிப் பாய்ந்து, ஆட்டைக் கவ்வுவதுபோல் நடிக்கும் வேளையில், தீட்டிய வரிகளும் உடன் அசைந்து புலியின் நடையைக் காட்டும். குழந்தைகள் அஞ்சி ஓடுவர். ஓடியவர்களே மீண்டும் வந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பர். அச்சமும் விளையாட்டும் கலந்த அந்த இன்பமே இக்கலையின் உயிர்.

அண்டை மாநிலங்களிலும் இக்கலை உண்டு. கருநாடகத்தின் உடுப்பி, மங்களூர்ப் பகுதிகளில் புலிவேடம் புகழ் பெற்றது. கேரளத்தில் திருச்சூர் நகரில் ஓணத்தின் நான்காம் நாள் புலிக்களி நடைபெறும். கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான் காலத்தில் அது தொடங்கியது என்பது மரபுச் செய்தி. அங்கே ஆடுவோரின் பெருத்த வயிற்றிலேயே புலியின் முகத்தைத் தீட்டுவர். வயிறு குலுங்கும்போது புலியும் வாய் திறந்து உறுமுவதுபோல் தோன்றும்! 2016-ஆம் ஆண்டில் பெண்களும் புலிக்கோலம் பூண்டு ஆடினர்.

காண்பார்க்கு விளையாட்டாகத் தோன்றும் இக்கோலம், பூண்டவர்க்கு எளியதன்று. வார்னிஷ் கலந்த வண்ணமும் எண்ணெய் வண்ணமும் தோலின் நுண்துளைகளை அடைத்துவிடும். வியர்வை வெளியேற இயலாது வெப்பம் மிகும். வண்ணம் காயும் வரையில் ஆடுவோன் உட்காரவும் சாயவும் முடியாமல் நெடுநேரம் நிற்றல் வேண்டும். ஆட்டம் முடிந்த பின், மண்ணெண்ணெய் தடவித் தேய்த்து அதனைக் களையும்போது தோல் எரியும். பல மணி நேரம் உழைத்து எழுதிய ஓவியம் அன்றிரவே அழிந்துபோகும். எழுதியவன் தன் பெயரை அதில் பொறிப்பதும் இல்லை. ஊரார் மகிழ்ச்சிக்காக இத்தனை துன்பத்தையும் ஏற்கும் கலைஞரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துபோதல் முறையாகாது.

காட்டில் வாழும் புலிக்கும் வரியே அடையாளம். ஒரு புலியின் வரிபோல் மற்றொரு புலியின் வரி அமைவதில்லை. ஆதலின் காட்டில் தானே இயங்கும் படக்கருவிகளைப் பொருத்தி, படங்களில் பதிந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அறிஞர்கள் புலிகளைக் கணக்கிடுகின்றனர். அவ்வாறு மதிப்பிட்டபோது தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டில் 76 புலிகளும், 2022-ஆம் ஆண்டில் 306 புலிகளும் இருந்தமை தெரியவந்தது. முதுமலை, சத்தியமங்கலம் முதலிய காப்பகங்களில் காட்டையும் இரையையும் பேணிக் காத்ததன் பயன் இது.

புலி எழுதும் கையின் வரிகளும் அத்தகையனவே. ஓர் உடல்போல் மற்றோர் உடல் இல்லை. ஆதலின் ஒருமுறை எழுதிய வரி மறுமுறை அப்படியே அமைவதும் இல்லை. காட்டுப் புலி அழிந்தால் அதன் வரியைப் படத்திலேனும் காணலாம். கோலம் எழுதும் கை ஓய்ந்து, அதனைக் கற்பார் இல்லையாயின், அவ்வரியை இடத்திற்கேற்ப வளைத்து எழுதும் அறிவு எந்தப் படத்திலும் எஞ்சாது. ஆதலின் திருவிழாவில் புலியாட்டம் காணும் மாணவர்கள், ஆடுவோனின் துள்ளலைக் கண்டு மகிழ்வதோடு, அவன் முதுகில் ஓடும் வரிகளையும் சற்று உற்று நோக்குவாராக. அவற்றை எழுதியவர் யார் என்று கேட்டறிந்து, அவரிடம் சென்று அக்கலையின் நுட்பத்தைத் தெரிந்துகொள்வாராக.